நாற்பத்தொரு ‘தெரியாது’

சேந்தன்துறைக் கடல் எச்சரிக்கை நிலையத்துக் கணினியில் இடம் குறைந்துகொண்டே போகிறது என்று பாளையங்கோட்டைப் பராமரிப்பு அலுவலகத்துக்குப் போன் வந்தபோது, செண்பகம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பதினேழு வருடமாக இதே தொழில் அவளுக்கு. டிஸ்கில் இடம் போவதெல்லாம் வீட்டில் கரண்டி காணாமல் போகிற மாதிரிதான். எங்கேயும் போயிருக்காது, யாரோ ஒரு மூலையில் போட்டுவிட்டு மறந்திருப்பார்கள். தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு மத்தியானப் பஸ்ஸில் திரும்பிவிடலாம் என்றுதான் கிளம்பினாள்.

நிலையத்துக்குள் நுழையும்போது காலை பதினொன்று. பொறுப்பாளர் கிளீட்டஸ் வாசலுக்கே வந்து நின்றார். ஐம்பதைத் தாண்டிய ஆள். தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குப் போன குடும்பத்தில் இவர்தான் முதன்முதலில் கரையில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவர். அந்தக் கூச்சம் இன்னும் போகவில்லை போலிருக்கிறது, எவரைக் கண்டாலும் மரியாதை ஒரு பங்கு கூடுதலாகவே வந்து விழும்.

“எலி கிலி உள்ள போயிருக்குமோ மேடம்?”

“எலி வயரக் கடிக்கும் சார். இடத்தத் திங்காது.”

“எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு பொறி வச்சிருக்கேன்.”

செண்பகத்துக்குச் சிரிப்பு வந்தது. திரையைப் பார்த்ததும் அது நின்றுபோனது. நாலு நாளுக்கு முன்னால் மூன்றில் இரண்டு பங்கு டிஸ்க் காலியாக இருந்திருக்கிறது. நேற்று பாதிதான் காலி. இன்று காலை பத்து மணிக்கு இருபத்தெட்டு சதவீதம், இப்போது இருபத்து நாலு. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள்ளேயே புள்ளிக்குப் பின்னாலிருந்த எண் இரண்டு தடவை இறங்கியது.

இது விளையாட்டுக் காரியம் இல்லை. ஊரார் ‘பொட்டி’ என்று கூப்பிடும் இந்த இயந்திரம்தான் சேந்தன்துறையின் நானூற்றுப் பன்னிரண்டு வள்ளங்களுக்கும் காவல். காற்று, அலை, நீரோட்டம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு, ‘நீ இந்தப் பக்கமாகத் திரும்பு, நீ இன்னும் ஒரு மணி நேரம் அங்கேயே நில்’ என்று ஒவ்வொரு வள்ளத்துக்கும் தனித்தனியாகச் சொல்லும். நேற்று தெற்கே ஒரு தாழ்வு மண்டலம் உருவாகியிருந்தது. அதன் கணக்கை இன்று மூன்று மணிக்குப் பொட்டி தொடங்கியாக வேண்டும், தொடங்கக் குறைந்தது பதினைந்து சதவீத இடம் வேண்டும். இப்படியே இறங்கினால் மூன்று மணிக்கு எட்டுதான் மிஞ்சும்.

“இப்ப கடல்ல எத்தன வள்ளம் சார்?”

“நூத்தறுவது.”

“எல்லாரையும் உடனே திரும்பச் சொல்லிட்டா?”

“எந்தப் பக்கமா திரும்பணும்னு சொல்லணும்லா மேடம்? கணக்கு இல்லாம கூப்பிட்டா நாமளே கூப்பிட்டு காத்துக்குள்ள தள்ளுன மாதிரி ஆயிரும்.”

செண்பகம் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். முதலில் குப்பைத் தொட்டியைப் பார்த்தாள், காலி. தற்காலிகக் கோப்புகளைத் துடைத்தாள், அரை சதவீதம்கூடத் தேறவில்லை. பழைய பிரதிகள், வைரஸ், ஒரே கோப்பு இரண்டு இடத்தில் கிடப்பது என்று வழக்கமான மூலைகளையெல்லாம் துழாவினாள். ஒரு மூலையில் மூன்று வீடியோ கிடைத்தன.

“அது நம்ம மாதா கோயில் திருவிழா...” கிளீட்டஸ் நெளிந்தார். “நான்தான் போட்டு வச்சேன். அழிச்சிருங்க மேடம்.”

“இத அழிச்சு என்ன ஆகப்போவுது? இருந்துட்டுப் போகட்டும்.”

பிறகுதான் அவள் கூட்டிப் பார்த்தாள். கண்ணுக்குத் தெரிகிற கோப்புகள் மொத்தமும் சேர்ந்து முப்பது சதவீதம். டிஸ்கோ எழுபத்தாறு நிரம்பியிருக்கிறது என்கிறது. மீதி நாற்பத்தாறு எங்கே போனது? கண்ணில் படாத ஏதோ ஒன்று உள்ளே உட்கார்ந்துகொண்டு விழுங்குகிறது என்று அர்த்தம். நிறுவனத்தின் மேல்நிலைக் கடவுச்சொல்லைப் போட்டு, மறைத்து வைத்த அறைகளையெல்லாம் திறந்தாள். ஒரே ஒரு கோப்புறைதான் இருந்தது. நாற்பத்தாறும் அதற்குள்தான் இருந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்பத்தேழாகவும் ஆனது.

அதன் பெயர்: ‘தேடல் – ததேயுஸ்’.

கிளீட்டஸ் அதைப் படித்துவிட்டு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“காணாமப் போயி இன்னையோட நாப்பத்தோரு நாளு” என்றார். “நம்ம மெற்றில்டாவோட புருஷன். தனி வள்ளத்துல போனாவ. சாயந்தரம் திரும்பல. ரெண்டு கப்பலு, ஒரு ஹெலிகாப்டரு, நம்ம ஆளுவ வள்ளம் முப்பது. பன்னெண்டு நாளு கடலச் சலிச்சுப் பாத்துட்டுத் தேடலை நிறுத்திட்டாவ.”

“மனுஷங்க நிறுத்திட்டாங்க. பொட்டி நிறுத்தல.”

“அதெப்படி நிறுத்தும்? குடும்பத்துல உள்ளவிய கையெழுத்துப் போட்டாத்தான் கோப்ப மூடலாம். சட்டம் அப்படி. வேற ஒரு ஊருல மேலதிகாரி ஒருத்தரு போதும் நிறுத்துன்னு சொல்லிட்டாராம். மறுநாளு அந்த ஆளு உயிரோட கரையேறிட்டான். அதுலேருந்து காணாமப் போனவனுக்குத்தான் பொட்டியில மொத உரிமை, மத்ததெல்லாம் பொறவுதான்.”

நல்ல சட்டம்தான். செண்பகம் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரே ஒரு வள்ளத்தைத் தேடுவதற்கு இவ்வளவு இடமா? அவள் கோப்புறையைத் திறந்து உள்ளே போய்ப் பார்த்தாள். அப்புறம்தான் விஷயம் விளங்கியது.

“சார், பொட்டிக்கு ஒரு விஷயம் தெரியலேன்னா அதை ரெண்டு வழியா பிரிச்சுக்கிடும். உதாரணத்துக்கு, எஞ்சின் நின்னதும் ததேயுஸ் பாய் கட்டுவாரா மாட்டாரா? கட்டினா வள்ளம் ஒரு பக்கம் போவும், கட்டலேன்னா இன்னொரு பக்கம். ரெண்டு வள்ளத்தையும் தனித்தனியா பின்னாலேயே போய்த் தேடும். அடுத்ததும் தெரியலேன்னா நாலு, அதுக்கும் அடுத்தது தெரியலேன்னா எட்டு. வீட்டுல உள்ளவங்க பதில் சொல்லிட்டா பாதி வழி அழிஞ்சிரும், இடமும் மிஞ்சும். அதுக்காகத்தான் தினம் காலைல ஒம்போது மணிக்கு அவர் சம்சாரத்துக்குப் போன் போட்டு ஒரு கேள்வி கேக்குது.”

“கேக்கும், தெரியும். அவளும் தவறாம எடுத்துப் பேசுவா.”

“என்ன பேசியிருக்காங்கன்னு கேளுங்க.”

பதிவுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டாள். உங்கள் கணவர் குடிக்க எவ்வளவு தண்ணீர் கொண்டு போவார்? ‘தெரியாது.’ எஞ்சின் நின்றால் தானே பழுது பார்ப்பாரா? ‘தெரியாது.’ அவர் இடதுகைப் பழக்கம் உள்ளவரா? ‘தெரியாது.’ ஒரு பெண்குரல், நிதானமாக, அழுகையோ கோபமோ இல்லாமல், நாற்பத்தொரு தடவை அதையே சொன்னது.

கிளீட்டஸுக்குப் பொறுக்கவில்லை. “அடப்பாவமே! ததேயு எடதுகைன்னு இந்த ஊர்ல ஆடு மாட்டுக்குக்கூடத் தெரியும். பதினாலு வருஷம் சோறு போட்டவளுக்குத் தெரியாதா? நான் சொல்லுதேன், எழுதிக்கிடுங்க.”

“நீங்க சொன்னா ஏத்துக்காது. அவங்க குரல் வேணும். வாங்க, போய்ப் பாத்துட்டு வந்துருவோம்.”

மெற்றில்டா ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்தாள். கடற்கரையோரமாகவே பத்து நிமிட நடை. வெயில் மண்டையைப் பிளந்தது. வழியில் துறைவாசலில் நின்ற பெரிய திரையைக் கிளீட்டஸ் காட்டினார். காற்றின் வேகம், அலையின் உயரம் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வரி: ‘ததேயுஸ் – உயிருடன் இருக்கக்கூடிய வழிகள்’. அதற்கு எதிரே வாசித்து முடிக்க முடியாத நீளத்துக்கு ஓர் எண் ஓடியது.

“வள்ளத்துல இருப்பிடம் காட்டுற கருவி இல்லையா சார்?”

“இருக்கு. ஆனா எடம் வெளிய போறத மட்டும் எங்க ஆளுவ அணைச்சுத்தான் வப்பாவ. பொட்டி அனுப்புற கணக்க வச்சு கருவியே உள்ளுக்குள்ள வழி பாத்துக்கிடும்.” கிளீட்டஸ் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். “கடலுக்குள்ள பாறை கெடக்கும், பாருன்னு சொல்லுவோம். மீனு அங்கதான் அடையும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ரகசியமா ஒரு பாரு உண்டு. அப்பன் மவனுக்குச் சொல்லுவான், மவன் பொண்டாட்டிக்குச் சொல்லுவான், அதுக்கு மேல ஒரு வார்த்த வெளிய போவாது. எந்தப் பக்கம் போறான்னு யாரு கேட்டாலும் எங்க வீட்டுப் பொம்பளைய தெரியாதுன்னுதான் சொல்லுவாவ. அப்பிடியே பழக்கம்.”

“அப்ப ஆபத்துன்னா?”

“கருவி அப்பப்ப கேக்கும், ‘இருப்பிடத்தைச் சொல்லலாமா’ன்னு. பச்சைய அமுக்குனா இங்க எல்லாத் திரையிலயும் இடம் தெரிஞ்சு, பக்கத்துல உள்ளவன் துணைக்குப் போவான். செவப்ப அமுக்குனா வேண்டாம்னு அர்த்தம். செவப்ப அமுக்குனவன் பேரையும் இடத்தையும் பொட்டி வச்சிருக்கக் கூடாதுன்னு சங்கத்துல சண்டை போட்டு எழுதி வாங்குனோம். அதுக்கப்புறம்தான் கருவியவே வள்ளத்துல ஏத்தவுட்டோம்.”

இதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமைதான் இருந்தது.

ஐஸ் ஃபேக்டரிக்குள் நுழைந்ததும் உடம்பு சில்லிட்டது. ரப்பர் செருப்பும் முழங்கைவரை கையுறையுமாக மெற்றில்டா ஐஸ் பாளங்களை இரும்புக் கொக்கியால் இழுத்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். இவர்களைப் பார்த்ததும் கொக்கியைச் சுவரில் சாத்தி வைத்தாள், ஆனால் பக்கத்தில் வரவில்லை.

“கோப்ப மூடவா வந்திருக்கீய கிளீட்டஸ் அண்ணே?”

“இல்ல மெற்றி. இவிய பாளையங்கோட்டையிலேருந்து வந்திருக்காவ. பொட்டியில எடம் இல்ல.”

“அதுக்கு நான் என்ன செய்ய?”

செண்பகம் சுற்றி வளைக்கவில்லை. “நீங்க தெரியாதுன்னு சொல்லும்போதெல்லாம் உங்க வீட்டுக்காரரப் பொட்டி ரெண்டு பேரா ஆக்கித் தேடுது. உங்களுக்கு அது தெரியாம இருக்கலாம்னு...”

“தெரியும் யக்கா.” மெற்றில்டா குறுக்கே வெட்டினாள். “ரெண்டாம் நாளே தெரியும். தொறைவாசல் திரையில ரெண்டுன்னு போட்டிருந்துச்சு. மறுநாளு தெரியாதுன்னேன், நாலு ஆச்சு. அதுக்கு மறுநாளு எட்டு. ஒரு நாளு கேட்ட கேள்விக்குப் பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டு. சொன்னா பாதிப் பேரு செத்துருவாவளேன்னு முழுங்கிட்டேன். எனக்கு ஒரே ஒரு புருஷன்தான இருந்தாவ? இப்ப எண்ண முடியாத அளவுக்கு இருக்காவ. அதுல ஒருத்தராவது திரும்பி வருவாவல்லா?”

கிளீட்டஸ் தலையைக் குனிந்துகொண்டார். இந்தப் பெண்ணிடம் போய்ச் சதவீதக் கணக்கைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று செண்பகத்துக்குத் தன் தொழிலின் மேலேயே எரிச்சல் வந்தது. ஆனாலும் சொன்னாள். நூற்றறுபது வள்ளம், மூன்று மணி, பதினைந்து சதவீதம் எல்லாவற்றையும் சொன்னாள். மெற்றில்டா கொக்கியை எடுத்து அடுத்த பாளத்தை இழுத்தாள்.

அப்போது வாசல் பக்கம் ஒரு பெண் வந்து எட்டிப் பார்த்தாள். நிறைமாதம். மூச்சு வாங்கியது.

“கிளீட்டஸ் மாமா, நீங்க இங்கனயா நிக்கீய? நிலையத்துல தேடுனேன். காத்து வருதுன்னு எல்லாரும் பேசிக்கிடுதாவ, கடல்ல நிக்கிற எம் மாப்பிள்ளைக்கு இன்னும் எந்தப் பக்கம் திரும்பணும்னு ஒண்ணும் சொல்லலையாம். போனுல கேட்டா தெரியலங்காவ. நீங்களாவது சொல்லுங்க.”

மெற்றில்டா அந்தப் பெண்ணின் வயிற்றைப் பார்த்தாள். அப்புறம் முகத்தைப் பார்த்தாள். நாற்பத்தொரு நாளுக்கு முன்னால் இதே ஓட்டமாகத் தானும் துறைவாசலுக்கு ஓடியது ஞாபகம் வந்திருக்க வேண்டும். உறைகளைக் கழற்றி வாளியில் போட்டாள்.

“நீ வீட்டுக்குப் போ எஸ்கலின். மூணு மணிக்குச் சொல்லுவாவ” என்றாள். பிறகு செண்பகத்திடம், “வாங்க யக்கா” என்றாள்.

நிலையத்துக்கு வந்து சேரும்போது மணி ஒன்றே கால். பதினைந்துக்கு வந்திருந்தது எண். செண்பகம் ஒலிவாங்கியை மெற்றில்டாவின் பக்கம் நகர்த்தினாள்.

“ஆரம்பிக்கிறதுக்கு முந்தி ஒண்ணு கேக்கணும்” என்றாள் மெற்றில்டா. “நான் எல்லாத்தையும் சொன்னதும் பொட்டி உள்ளதக் காட்டிரும்லா? மொத நாளே சொல்லியிருந்தா அவியளக் காப்பாத்தியிருக்கலாமா முடியாதான்னும் காட்டும்லா?”

“காட்டும்.”

“அத எனக்கு மறைக்காம சொல்லணும். எனக்காகப் பாவம் பாத்து மாத்திச் சொல்லப்பிடாது. சத்தியமா சொல்லுவீயளா?”

செண்பகம் ஒரு நிமிடம் யோசித்தாள். பொய் சொல்வது ஒன்றும் பெரிய காரியமில்லை, திரையில் இருப்பதைப் படிக்கத் தெரிந்தவள் இங்கே அவள் ஒருத்திதான். ஆனாலும் சரி என்று தலையசைத்தாள்.

மெற்றில்டா பேச ஆரம்பித்தாள். பொட்டி ஒவ்வொன்றாகக் கேட்டது, அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். எடதுகைதான். நாலு லிட்டர் தண்ணி, அதுக்கு மேல சொமக்கச் சோம்பேறி. எஞ்சினத் தானே கழத்திப்போட்டுப் பாப்பாவ, அடுத்தவன் கைவச்சா ஆகாது. பாய் கட்டத் தெரியும், ஆனா கட்ட மாட்டாவ, அது கெழவனுவ செய்யுற வேலைன்னு சொல்லுவாவ. பச்சை மீன் திங்க மாட்டாவ. பயம் வந்தா பாடுவாவ, பாட்டு சகிக்காது. இந்தக் கடைசியைப் பொட்டி கேட்கவே இல்லை, அவளாகத்தான் சொன்னாள். ஒவ்வொரு பதிலுக்கும் திரையில் இருந்த எண் பாதியாக மடிந்தது, மடிந்தது, மறுபடியும் மடிந்தது. பத்துப் பதினைந்து பதிலுக்குள்ளேயே டிஸ்க் மூச்சு விட்டுக்கொண்டது. பதினைந்து நாற்பதானது, நாற்பது அறுபதானது. மூன்று மணிக் கணக்குக்குத் தேவையான இடம் எப்போதோ வந்துவிட்டது. இனி போதும் என்று சொல்லிவிடலாமா என்றுகூடச் செண்பகத்துக்குத் தோன்றியது. மெற்றில்டா நிறுத்தவில்லை.

எண்ணில் ஆயிரங்கள் போயின, நூறுகள் போயின, கடைசியில் ஒரு கேள்வியும் இரண்டு வழியும்தான் மிஞ்சின. அதுதான் முதல் நாள் கேட்ட முதல் கேள்வி. உங்கள் கணவர் எந்தப் பக்கம் மீன் பிடிக்கப் போவார்?

மெற்றில்டா திரும்பிப் பார்த்தாள். “கிளீட்டஸ் அண்ணே, நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க.”

இந்த நேரத்திலுமா என்று செண்பகம் திகைத்துப்போனாள். கிளீட்டஸ் கொஞ்சமும் வருத்தப்படவில்லை. எழுந்து, கதவையும் சாத்திவிட்டுப் போனார்.

“அன்னைக்கு ராத்திரி போனுல இத கேட்டப்ப தெரியாதுன்னுட்டேன்” என்றாள் மெற்றில்டா மெதுவாக. “பதினாலு வருஷமா யாரு கேட்டாலும் அதத்தான சொல்லுதேன்? சொன்னா எல்லாத் திரையிலயும் போட்டுருவாவ. விடிஞ்சதும் அவிய வந்து நின்னு, ‘எங்க தாத்தன் பார ஊருக்கே வித்துட்டியேட்டீ’ன்னு கத்துவாவளேன்னு அதுதான் பயமா இருந்துச்சு. வராமப் போவாவன்னு நான் நெனைக்கவே இல்ல யக்கா.”

பிறகு ஒலிவாங்கியில் வாயை வைத்து, கோயில் கோபுரமும் உப்பளத்துத் தண்ணீர்த் தொட்டியும் ஒரே நேராக வரும்வரை தெற்கே போய், அங்கிருந்து கிழக்கே ஒன்றேகால் மணி நேரம் என்று சொல்லி முடித்தாள்.

எண் சரிந்தது. ஒன்று. அந்த ஒன்று கொஞ்ச நேரம் திரையில் நின்றது. மெற்றில்டா மூச்சு விடாமல் அதையே பார்த்தாள். பிறகு அதுவும் பூஜ்யமானது.

செண்பகம் கீழே இருந்த விவரத்தைப் படித்தாள். காலை பதினொரு மணிக்குப் பாருக்குமேல் சுழற்காற்று அடித்து எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது. வள்ளம் கவிழவில்லை, பத்து மணி நேரத்துக்கு மேல் மிதந்திருக்கிறது. இரவு ஒன்பதரைக்குத்தான் பெரிய அலை வந்திருக்கிறது. மெற்றில்டாவுக்குப் போன் போனது இரவு ஏழே முக்காலுக்கு. அந்த நேரம் ஒரு ரோந்துப் படகு அந்தப் பாருக்கு நாற்பது நிமிட தூரத்தில் சும்மா நின்றிருக்கிறது.

“சொல்லுங்க யக்கா. சத்தியம் பண்ணியிருக்கீய.”

செண்பகம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “காப்பாத்தியிருக்கலாம்மா.”

மெற்றில்டா அழவில்லை. தலையை மட்டும் இரண்டு தடவை ஆட்டினாள். இந்தப் பதிலை அவள் நாற்பத்தொரு நாளாக மனதுக்குள் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது செண்பகத்துக்கு அப்போதுதான் உறைத்தது. தெரியாது தெரியாது என்று அவள் தள்ளிப்போட்டதெல்லாம் இந்த ஒரு வரியைத்தான்.

செண்பகம் திரையைக் கீழே நகர்த்தினாள். விவரம் இன்னும் முடியவில்லை. பொட்டி புதிதாக ஏதோ சேர்த்துக்கொண்டிருந்தது. அந்த நாளில் கடலிலிருந்து வந்த சிவப்புப் பதில்கள், இருபத்து மூன்று. எதற்கும் பெயர் கிடையாது, இடம் கிடையாது, மணியும் சமிக்ஞையின் பலமும்தான் உண்டு. இத்தனை நாளாக அவை யாருடையவை என்று பொட்டிக்கே தெரியாது. இப்போது வள்ளம் எந்த நேரத்தில் எங்கே மிதந்தது என்று தெரிந்துவிட்டதால், சமிக்ஞையின் பலத்தை வைத்து ஒப்பிட்டுப் பார்த்து, இருபத்து மூன்றில் ஆறைத் தனியாக எடுத்து வைத்திருந்தது. செண்பகம் அதை மூன்று தடவை படித்தாள்.

“மெற்றில்டா, இங்க வந்து பாருங்க. இதுவும் உண்மைதான். இதையும் நான் மறைக்கக் கூடாது.”

“என்ன அது?”

“உங்க வீட்டுக்காரர் கையில இருந்த கருவி கடைசி வரைக்கும் வேலை செஞ்சிருக்கு. இருப்பிடத்தைச் சொல்லலாமான்னு ஆறு தடவ கேட்டிருக்கு. ஆறு தடவையும் அவர் சிவப்பத்தான் அமுக்கியிருக்கார்.”

மெற்றில்டா புரியாமல் பார்த்தாள்.

“பதினொண்ணு இருபதுக்கு ஒண்ணு. பன்னெண்டு அம்பதுக்கு ஒண்ணு. ரெண்டேகாலு, நாலு, ஆறு. எஞ்சினச் சரிபண்ணி நாமளே கரைக்குப் போயிரலாம், பாரக் காட்டிக்கொடுக்க வேண்டாம்னு நெனைச்சிருப்பார் போல. ராத்திரி பொட்டி உங்ககிட்ட கேட்டுச்சு. நீங்க தெரியாதுன்னு சொன்னது ஏழு நாப்பத்தெட்டுக்கு. வீட்டுல பதில் கெடைக்கலேன்னு மறுபடியும் கடலுக்குக் கேட்டிருக்கு. ஏழு அம்பதுக்கு அவரும் வேண்டாம்னு சொல்லியிருக்கார்.”

திரையில் அந்த இரண்டு பதில்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. நடுவில் இரண்டே நிமிட இடைவெளி. மெற்றில்டா குனிந்து, இரண்டையும் விரலால் தொட்டுத் தொட்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

“கிறுக்கு மனுஷன்!” என்றாள் திடீரென்று. “ஏ கிறுக்கு மனுஷா! ஒரு பச்சைய அமுக்குனா என்ன, கையா ஒடிஞ்சிரும்? பாரு பெருசா, நான் பெருசா உமக்கு?” செண்பகத்தின் பக்கம் திரும்பினாள். “யக்கா, கல்யாணம் ஆன நாள்லேருந்து நானும் அவியளும் ஒரு விஷயத்துல ஒத்துப்போனது கெடையாது. குழம்புல உப்பு, பிள்ளைக்குப் பேரு, கதவு சாத்துறது தொறக்குறது, எல்லாத்துக்கும் சண்டை. ஊரே சிரிக்கும். ஒத்துப்போறதுக்கு எங்களுக்கு வேற விஷயமா கெடைக்கல?”

சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பாதியிலேயே அது அழுகையாகி, மேஜையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு வாய்விட்டுக் கதறினாள். செண்பகம் முதுகைத் தடவிக்கொண்டே பக்கத்தில் நின்றாள். தடுக்கவில்லை. அவள் கண்ணும் நிறைந்துவிட்டது.

கிளீட்டஸ் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தபோது இரண்டே முக்கால். திரையில் பூஜ்யத்தைப் பார்த்தார், நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். மூன்று மணிக்குப் பொட்டி கணக்கைத் தொடங்கியது. சிறிது நேரத்தில் ஒவ்வொரு வள்ளத்துக்கும் வழி போக ஆரம்பித்தது. நூற்றறுபது வள்ளத்திலிருந்தும் கிடைத்ததென்று பதில் வந்தபிறகுதான் அவர் உட்கார்ந்தார்.

மெற்றில்டா முகத்தைக் கழுவிவிட்டு வந்து, கோப்பை மூடும் தாளில் கையெழுத்துப் போட்டாள்.

“மெற்றி” என்றார் கிளீட்டஸ் தாழ்ந்த குரலில், “நீ சொன்ன எடம் இப்ப இந்த மேடத்துக்கும் பொட்டிக்கும்தான் தெரியும். கோப்போட சேத்து அதையும் அழிச்சிரச் சொல்லுதேன். ஒம் மவன் வளந்ததும் அவனுக்கு நீ சொல்லிக்கிடு. பாரு உங்க வீட்டோட இருக்கட்டும்.”

“வேண்டாம்ணே.” அவள் யோசிக்கவே இல்லை. “எல்லாத் திரையிலயும் போடுங்க. அவிய பேர வச்சே போடுங்க. எஸ்கலின் மாப்பிள்ளைக்கும் தெரியட்டும். யாரு வேணும்னாலும் போயி வலை போடட்டும். நாளைக்கு இன்னொருத்தி வந்து ஒளிச்சு வைக்க அதுல ஒண்ணும் மிச்சம் இருக்கக் கூடாது.”

கிளீட்டஸ் சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய நோட்டுத் தாளை எடுத்து, அதில் ஏதோ எழுதி, மடிக்காமல் செண்பகத்திடம் நீட்டினார். இன்னொரு இடத்தின் அடையாளம்.

“எங்க அப்பன் பாரு மேடம்” என்றார். “இதையும் சேத்துப் போட்டுருங்க.”

செண்பகம் இரண்டையும் கணினியில் அடித்து ஏற்றினாள். ததேயுஸின் தேடல் கோப்புறை மூடிக்கொண்டது. டிஸ்கில் எழுபது சதவீதம் காலியாக இருந்தது. துறைவாசல் திரையில் புதிதாக இரண்டு பெயர்கள் ஏறின. இரண்டும் சேர்ந்து பிடித்த இடம் ஒரு கிலோபைட்கூட இல்லை.